பின்னால் எடுத்தால் பாடும் வண்டி

எங்கள் தெருவில் கம்ப்ரசர் என்று சொன்னால் யாரும் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். என் எதிர்வீட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே குடியிருக்கும் மனிதர் சூடாவார், உறுமுவார், ஒரு குலுக்குக் குலுங்கிவிட்டு அடங்குவார். அப்பாடா என்று நாம் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிடுவார். ஐஸ்க்ரீம் கம்பெனி ஒன்றில் குளிர்பெட்டிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். தொழிலில் குறை சொல்ல முடியாது. குளிர்ந்த பொருள் எதுவும் அவர் கண்ணெதிரே உருகக் கூடாது. விருந்தாளியின் கோப்பையில் ஐஸ் கட்டி மிதந்தால்கூட, "சீக்கிரம் குடிங்க, வீணாப் போகுது" என்று பக்கத்திலேயே நிற்பார். அந்த வீட்டில் உருகாத ஒரே பொருள் அவர் மனசுதான் என்பாள் அவர் மனைவி.

மனைவியைத் தெருவில் டெய்லரம்மா என்போம். வீட்டின் கீழ் அறை, தெருவைப் பார்த்து ஷட்டர் வைத்தது, அவள் கடை. இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்கும் மெஷின் ஒன்று, துணி வெட்ட நீளமான மேஜை, ஆளுயரக் கண்ணாடி. பின்தெருப் பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதையும் அவள்தான் தைப்பாள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். பேசும்போது அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். சுற்றுவது நின்றுவிட்டால் யாருக்கோ கேடு காலம் என்று அர்த்தம்.

என்னை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரார் பேச்சைக் கேட்க அப்போது சம்பளம் கொடுத்தார்கள், இப்போது இலவசமாகச் செய்கிறேன். என் முன்னறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அவர்கள் வீட்டு ஷட்டர், மாடிப்படி, சமையலறையின் பாதி. மீதிப் பாதியைக் காதால் பார்த்துக்கொள்வேன்.

டெய்லரம்மா தன் தங்கை மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தபோது நடந்தது இது. கம்பெனி பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டியது. ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்திருந்த கம்ப்ரசர் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் மூன்று பேர் உட்காரும் இருக்கை. பின்னால் ஜன்னலே இல்லாத பெரிய குளிர்பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு கோன் ஐஸ்க்ரீம் படம். அதைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக்கிக் கடற்கரை நெடுகச் சுற்றப் போகிறாராம். வேலை செய்ய நிழல் வேண்டும். நிழல் எங்கே இருக்கிறது? மனைவியின் கடையில்.

மெஷின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடக் கூடாதே என்று கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு டெய்லரம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் பஸ் பிடித்து வருவதற்குள் வண்டி உள்ளே போய் ஷட்டரும் இறங்கிவிட்டது.

வந்தவள் கத்தவில்லை. மெஷின்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். ஷட்டரை ஏற்றி வண்டியைப் பார்த்தாள். டேப்பை எடுத்து வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தாள். டேப் நுனி அவள் விரலில் சுற்றவே இல்லை.

"அக்கா, இது என் கடைன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் என்னிடம். அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

"வீடு என் பேர்ல இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க அக்கா" என்றார் அவர்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வார்த்தைகூட நேராகப் போகவில்லை. எல்லாமே என் வழியாகத்தான். ஓய்வு பெற்ற ஆபரேட்டருக்கு மறுபடியும் டியூட்டி போட்டதுபோல் ஆகிவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் வெளிச்சம் கிடையாது. தலை நிமிர்ந்தால் படி இடிக்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, ஒருநாள் ஊசி விரலிலேயே ஏறிவிட்டது. வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்" என்று அடுத்த தெரு ரெடிமேட் கடைக்கு நடந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார்: பள்ளி திறப்பதற்கு முன் நேரில் வந்து பார்ப்பார், ஒழுங்கான கடை இருந்தால்தான் இந்த வருடச் சீருடை அவளுக்கு, இல்லையென்றால் ரெடிமேட்காரருக்கு. அந்தச் சீருடை போனால் அவள் டெய்லரம்மா இல்லை, மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் கம்ப்ரசருக்கு வண்டியின் உட்பக்கம் தைக்க வேண்டியிருந்தது. மெத்தை உறை, திரை, கூரைக்குப் பஞ்சு வைத்த துணி. ஊரில் வேறு டெய்லரிடம் கொடுக்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. என் வழியாக ஆர்டர் வந்தது.

"வாடிக்கையாளர் யாரா இருந்தா என்ன, தைச்சுத் தரேன்" என்றாள். பள்ளிப் பை தைக்கும் முறுக்கு நூலில், இரட்டைத் தையலாகப் போட்டுத் தள்ளினாள். எல்லாம் முடிந்து, வயரிங்கைச் சரிபார்க்க அவர் ரிவர்ஸ் கியர் போட்டாரே பார்க்கலாம். பின்விளக்கு எரிந்தது. கூடவே, ஐஸ்க்ரீம் வண்டி காலத்துப் பாட்டு, டிங்கிடி டிங்கிடி என்று தெருவே அதிர ஒலித்தது. விளக்குக்கு இழுத்த வயரை மனிதர் பாட்டுப் பெட்டியோடு சேர்த்து முடிந்திருக்கிறார். பாட்டுப் பெட்டி கூரையில். கூரையை மூடி அவளுடைய இரட்டைத் தையல்.

"பெட்டி அங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாதாமா? கேளுங்க அக்கா!"

"தெரியும்னு சொல்லுங்க. அதை எடுத்துட்டுத் தைக்கச் சொல்லி ஆர்டர் வரலைன்னும் சொல்லுங்க."

"பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

"கேக்க வேண்டியவர் நேரா வந்து கேட்டா பிரிக்கிறேன்."

அவர் கேட்கவில்லை, அவளும் பிரிக்கவில்லை. பாட்டு அப்படியே இருந்தது.

பந்தயம் பிறந்ததும் அந்த மாடிப்படிக்கு அடியில்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன், கம்ப்ரசர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த டப்பாவை வெச்சுக்கிட்டு எங்க போகப் போறாராம் அக்கா?"

"கடற்கரை ரோட்டுல கடைசி லைட்ஹவுஸ் வரைக்கும்னு சொல்லுங்க."

"யாரு, இவரா? ஃபேன் நின்னா எழுந்து தெருவுல ஓடுற ஆளு. பாதி வழியில திரும்பிடுவார்."

"திரும்பினா வண்டியை அந்த ரூமை விட்டே எடுத்துடறேன்! ஆனா அவளும் வரணும். வழியில அவ வாயால 'வீட்டுக்குப் போலாம்'னு ஒரு வார்த்தை வந்துச்சு, ரூம் வண்டிக்குத்தான். அதுக்கப்புறம் மெஷின்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"வரேன்னு சொல்லுங்க. யார் சாட்சி?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "எதையும் மனசுக்குள்ள வெச்சுக்கத் தெரியாத ஆள் அக்காதான்" என்றாள் அவள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கிளம்பிய அன்று, கடையிலிருந்து வண்டியை வெளியே எடுக்க ரிவர்ஸ்தான் போட வேண்டியிருந்தது. பாட்டைக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் மொத்தமும் ஓடி வந்துவிட்டன.

"கூட்டம் நிக்குதே, ஆளுக்கொரு கோன் குடுக்கச் சொல்லுங்க அக்கா" என்றாள் டெய்லரம்மா, நெற்றியில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டே. கம்ப்ரசர் உறுமினார்.

உட்கார்ந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் அவர், ஜன்னலோரம் அவள், நடுவில் நான். கியர் மாற்றும்போதெல்லாம் என் முட்டியில் ஒரு இடி. இடது பக்கம் கடல், வலது பக்கம் தென்னை, நடுவில் உருகிப்போன தார் ரோடு. காலண்டரில் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. பார்க்கத்தான் ஆள் இல்லை. அவர் அவளுடைய வாயைப் பார்த்தார், எப்போது திறக்கும் என்று. அவள் அவருடைய கையைப் பார்த்தாள், எப்போது ஸ்டியரிங்கைத் திருப்பும் என்று. நான் இருவரையும் பார்த்தேன், சாட்சி ஆயிற்றே.

பின்பக்கப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய பெட்டி அது. குளிரவைக்கும் எந்திரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் புத்தகம் அளவுக்கு ஜன்னல் வெட்டியிருந்தார். இப்போது வெயில் உள்ளே போனால் வெளியே வரவே வராது. ஊருக்கெல்லாம் குளிர்பெட்டி சரிசெய்து கொடுத்த மனிதர், ஒரு சின்ன மின்விசிறிக்குக் கீழே வேகவைத்த முட்டைபோல் கிடந்தார். "காத்து நல்லா வருது" என்றார் கூரையைப் பார்த்து. "எங்கிருந்து வருதுன்னு கேளுங்க" என்றாள் அவள்.

முதல் முறை தங்கினோமே, இடம் பார்த்து நிறுத்தினார் பாருங்கள். எத்தனையோ மைல் வெறும் மணல் கிடக்க, கருவாடு காயப்போட்டிருந்த களத்துக்கு ஒட்டினாற்போல வண்டியைப் போட்டார். என் மூக்கே கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. டெய்லரம்மா காற்று வரும் பக்கமாக மடக்கு நாற்காலியைப் போட்டு, ரொட்டியில் ஜாம் தடவி, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

"இடம் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க அக்கா. இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாமான்னு கேளுங்க."

பதிலடி உடனே வந்தது. கொசுவலை தைத்தவள் அவள். இரண்டு படுக்கைக்கு மட்டும் தைத்திருந்தாள், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. "மூணாவது வலைக்கு ஆர்டர் வரலை" என்றாள். காலையில் கம்ப்ரசரின் முகத்தில் புதிதாக ஒரு மலைத்தொடரே எழும்பியிருந்தது. போதாததற்கு, துணி துவைக்கிறேன் என்று அவருடைய கால்சட்டைகளை எல்லாம் கடல் தண்ணீரில் அலசிக் காயப்போட்டுவிட்டாள். குடிதண்ணீரைச் சிக்கனம் பண்ணச் சொன்னது அவர்தானே? உப்புப் பூத்த கால்சட்டையோடு வெயிலில் வண்டி ஓட்டுகிறவருக்கு எங்கெங்கே அரிக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கிளச்சை மிதிக்கும்போது ஒரு நெளி, பிரேக்கை மிதிக்கும்போது ஒரு நெளி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை? கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தெற்கே பார்த்து ஓட்ட, பல்லைக் காட்டிக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அவளுக்கும் உள்ளே புகைந்துகொண்டுதான் இருந்தது. இந்த நேரத்தில் தலைமையாசிரியை வந்து பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்? அவர் குளிக்கப் போன சமயம் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, யாராவது வந்தாங்களான்னு கேளுங்களேன்." கேட்டேன். யாரும் வரவில்லை. அவள் டேப் நுனியை மறுபடி விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

இப்படியே போய் ஒரு மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தோம். அங்கே ஒரே அமளி. துறைமுகத்து ஐஸ் ஆலையின் எந்திரம் நின்றுபோயிருந்தது. படகுகள் வந்து, மீன் மலைமலையாகத் தரையில் கிடந்தது. பெண்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசருக்கு அரிப்பு, கொசுக்கடி எல்லாம் மறந்துவிட்டது. நேரே ஆலைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு எந்திரத்துக்குள் தலையைக் கொடுத்தார். நானும் பின்னாலேயே போனேன், யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே.

"வால்வு தட்டு உடைஞ்சிருக்கு. புதுசு இல்லாம நானே வந்தாலும் ஓடாது" என்றார் வெளியே வந்து.

"தெரியும்யா. லைட்ஹவுஸ் பக்கத்து ஊர்லேர்ந்து லாரியில ஐஸ் வருது" என்றார் ஆலைக்காரர். "அது வந்தா மீன் பிழைக்கும். வரலைன்னா மொத்தமும் குழியிலதான்."

கம்ப்ரசர் தன் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததுபோல் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நமக்கு இங்கே வேலை இல்லை என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

துறைமுகத்தைத் தாண்டியதும் ஒரு நீளமான கல்பாதை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல். நடுவில் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். தடுப்புச் சுவர் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. பாதிக்குமேல் போய்விட்டோம். எதிரே ஒரு லாரி வந்து மூக்கோடு மூக்கு முட்டி நின்றது.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யோவ் பெரியவரே, வண்டியப் பின்னால எடு!"

"நீ எடு!" என்றார் கம்ப்ரசர்.

"என் பின்னாடி பஸ்ஸு நிக்குது, பஸ்ஸுக்குப் பின்னாடி ஊரே நிக்குது. உன் பின்னாடி என்ன நிக்குது? காக்காதானே!"

கம்ப்ரசரின் கை கியர்மேல் போனது. என் முட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. ஏனென்றால் டெய்லரம்மா கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, திரும்பினா திரும்பினதுதான். ஒரு அடி வீட்டுப் பக்கமாப் போனாலும் கணக்கு. டேப் கையில இருக்குன்னு சொல்லிடுங்க."

அவர் கியரைவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிப் பார்த்தார். சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஜாணால் அளந்து பார்த்தார்.

"என்ன பெரியவரே, அளவெடுக்கிற? எனக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"அளவெடுக்கிறது என் வேலை. அவர் சும்மா குனிஞ்சு பாக்கிறார்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் டெய்லரம்மா.

"யாரா இருந்தாலும் சரிம்மா, வழி விடுங்க! லாரியில ஐஸ் இருக்கு, ஐஸ்! தண்ணியா ஒழுகிட்டிருக்கு, நீங்க குடும்ப நியாயம் பேசிட்டிருக்கீங்க!"

கம்ப்ரசரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாரியின் அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாகக் கிளம்பி, கல்லின் சந்துகளில் வழிதேடி, நேரே வந்து அவர் செருப்பைத் தொட்டது. அவர் காலை நகர்த்தவில்லை. லாரியின் பக்கத்துக்குப் போய், பலகைச் சந்தில் சொட்டிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். வெயில் நடுமண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ்ஸில் இருந்தவர்கள் அவருடைய அம்மா, அப்பா இருவரையும் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஐஸ் உருகுது போலிருக்கே அக்கா" என்றாள் டெய்லரம்மா. டீயில் சர்க்கரை குறைவு என்று சொல்லும் அதே குரலில்.

எனக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, இந்த ஒரு தடவை மட்டும் கணக்குல சேக்காம விட்டுடேன். அங்க எத்தனை பேர் மீனோட நிக்கிறாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மெஷினைத் தூக்கி வெளியில போட்டப்போ, 'இந்த ஒரு தடவை விட்டுடு'ன்னு அவர்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

அவர் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைக்கவில்லை. என்னைத் தாண்டி, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"சந்தோஷமா?"

"சந்தோஷமான்னு கேக்கிறார் அக்கா. இன்னும் இல்லைன்னு சொல்லுங்க."

அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

டிங்கிடி டிங்கிடி என்று பாட்டு கிளம்பியது. நடுக்கடலில் ஐஸ்க்ரீம் விற்கிறோம் என்பதுபோல் அந்தக் கல்பாதை முழுவதும் எதிரொலித்தது. பெட்டிக்குப் பின்பக்கம் ஜன்னல் கிடையாது, கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் தண்ணீர். கொஞ்சம் போனதுமே வண்டி காயல் பக்கமாகச் சாய, நான் கூச்சல் போட்டுவிட்டேன். டெய்லரம்மா கதவைத் திறந்து குதித்துப் பின்னால் ஓடினாள். துணியில் சாக்குக்கட்டிக் கோடு போடும் கண் அவளுக்கு.

"வலது! வலதுன்னா சோறு திங்கிற கை!"

"தெரியுது, கத்தாதே!"

"தெரிஞ்சா ஏன் தண்ணிக்குள்ள இறங்கறீங்க? மீன் பிடிக்கவா? இப்ப நேரா... நேரான்னா நேரா! உங்க புத்தி மாதிரி வளைக்காதீங்க!"

"விழுந்துட்டா உனக்கு நிம்மதிதானே!"

"விழுந்துட்டா மெஷினை யாரு தூக்கி உள்ள வெக்கிறது? எடுத்த கைதான் வெக்கணும்! இடது, இடது!"

பாட்டுக்கு மேலே அவர்கள் குரல். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். லைன் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஆபரேட்டரை யாரும் கூப்பிடவில்லை. இந்த வயதிலும் எனக்கு வேலை போனதுபோல் ஒரு வருத்தம் வந்தது.

லாரி எங்கள் மூக்கை உரசிக்கொண்டே கூட வந்தது. கல்பாதை முடிந்த இடத்தில் துறைமுகமே கூடி நின்றது. ஓரமாக ஒதுங்கியதும் லாரி கடந்து போனது. "நல்லாப் பாடுது பெரியவரே உங்க வண்டி! இதை முதல்லயே பாடியிருக்கக் கூடாதா?" என்றுவிட்டுப் போனார் டிரைவர். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் ஜன்னலாக முறைத்தார்கள். ஐஸ் இறங்கும் சத்தம் கேட்கும்வரை கம்ப்ரசர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் இன்ஜினை அணைத்தார்.

டெய்லரம்மா வேர்த்து விறுவிறுத்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, தீர்ப்பு."

"என்ன தீர்ப்பு?" கம்ப்ரசர் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டார். "வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் பாத்துட்டிருந்துச்சு? லைட்ஹவுஸைத்தானே! இப்பவும் அதைத்தானே பாக்குது! நான் திரும்பவே இல்லையே!"

"மூஞ்சி எங்கயோ பாக்கட்டும். சக்கரம் எந்தப் பக்கம் உருண்டுச்சு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதுகு கழன்றுபோயிருந்தது, முட்டி வீங்கியிருந்தது, கருவாட்டு வாடை இன்னும் மூக்கில் இருந்தது. தீர்ப்புச் சொல்லிவிட்டால் அவரவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை, நியாயமும் அப்படித்தான் இருந்தது. "வண்டி வீட்டுப் பக்கமாத்தான் போச்சு" என்றேன். "ரூம் டெய்லரம்மாவுக்கு."

கம்ப்ரசர் ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கினார். "சரி. வீட்டுக்குப் போவோம்" என்று சாவியில் கை வைத்தார். குரலில் தோற்ற வருத்தத்தைவிட, நல்ல தண்ணீரில் துவைத்த கால்சட்டை கிடைக்கப் போகும் நிம்மதிதான் அதிகம் இருந்தது.

"யாரு வீட்டுக்குப் போலாம்னு சொன்னது?" டெய்லரம்மா ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். "லைட்ஹவுஸ் காட்டறேன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? பாக்காம நான் வர மாட்டேன். ஓட்டுங்க."

"என்னது!" என்றேன் நான்.

"ஓட்டச் சொல்லுங்க அக்கா" என்றாள், பழைய வழக்கத்தில். ஓட்டினார். அதே கல்பாதை, அதே வெயில், அதே உப்புக் கால்சட்டை. லைட்ஹவுஸ் பூட்டியிருந்தது. அவள் கீழே நின்று தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தாள். "பெயின்ட் உரிஞ்சு கிடக்கு" என்றாள். "போலாம்."

வீட்டுக்கு வந்த கையோடு மெஷின்களைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னாள். எடுத்த கையே வைத்தது. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு நிமிரும்போது, "இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கமா" என்பாள். சுவர்ப் பக்கமாக நகர்த்தினால், "பழைய இடமே தேவலை" என்பாள். தலைமையாசிரியை வந்தார், கடையைப் பார்த்தார், வெட்டும் மேஜையைத் தடவிப் பார்த்தார், சீருடை முழுவதையும் கொடுத்துவிட்டுப் போனார். ரெடிமேட்காரர் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நான்தான் ஏதோ செய்துவிட்டதுபோல.

எல்லாம் சரி. வண்டி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள்.

"எக்ஸ்சேஞ்ச் அக்கா தீர்ப்பு சொன்னாங்கல்ல, நிறுத்தறதுக்கும் அவங்களே இடம் குடுக்கட்டும்" என்று சொல்லி, என் வீட்டுச் சுவரை ஒட்டி, என் முன்னறை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார் கம்ப்ரசர். எங்கள் தெருவுக்கு முட்டுச் சுவர் ஒன்று உண்டு. அதில் மூக்கு இடிக்கும்படி நிற்கிறது வண்டி. பகலெல்லாம் அதற்குள்ளேயே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று தெருவே என்னைத்தான் கேட்கிறது. பேசுகிறார்கள் என்று பால்காரர் சொல்கிறார். சண்டைதான் என்று மாடி வீட்டுப் பெண் சொல்கிறாள். மூன்றாவது கொசுவலை ஒன்று அந்தக் கடையில் தைக்கப்படுகிறது என்றும் ஒரு செய்தி. எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலைத் திறந்தால் என் முகத்துக்கு நேரே அந்தக் கோன் ஐஸ்க்ரீம்தான் பல்லைக் காட்டுகிறது.

போய்க் கேட்டுவிட்டேன். "தம்பி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்."

கம்ப்ரசர் படுத்தபடியே சொன்னார்: "முன்னால சுவரு அக்கா. நகர்த்தணும்னா பின்னாலதான் எடுக்கணும். இனி இந்த ஜென்மத்துல ரிவர்ஸ் போடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

நேரே டெய்லரம்மாவின் கடைக்குப் போனேன். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, வெளிச்சம் நன்றாக இருந்தது, சீருடைத் துணி கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. "நீயாவது உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்களுக்கும் அவருக்கும் நடுவுல நான் வரலை அக்கா. நேரா நீங்களே பேசிக்குங்க."